முப்பத்திரண்டு கதவுகளும் ஒரு ரப்பர் சீலும்

இடுப்பு போன பிறகுதான் எனக்குக் கதவுகள் அறிமுகமாயின. அதற்கு முன் பத்தொன்பது வருடம் வார்டு நர்ஸாக இருந்தேன். நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, உட்கார வைத்து, ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழப்போன ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்ததில் முதுகுத் தண்டில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரே பார்த்துவிட்டு, “இனிமே ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது” என்றார். தூக்க முடியாத நர்ஸை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்? தஞ்சாவூரில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர் பெரிய மனது பண்ணி ஒரு நாற்காலி கொடுத்தார். மேசைமேல் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் ‘தீத்தடுப்புக் கதவுகள் - மாதாந்திரப் பரிசோதனை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“உக்காந்த எடத்துல வேலை சிஸ்டர். கையெழுத்துப் போட்டா போதும்” என்றார்.

அந்தப் பேச்சின் பின்பாதியை நான் அன்றைக்கு ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. நாற்காலி கிடைத்த சந்தோஷம். என் வீட்டுக்காரர் மன்னார்குடிப் பக்கம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறவர். தண்ணீர் வந்தால் சோறு, வராவிட்டால் என் சம்பளம். அதனால் எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

ஐந்து மாடிக் கட்டடம். மாடிப்படிக்கும் வார்டுக்கும் நடுவில், லிஃப்ட் பக்கம், ஜெனரேட்டர் அறை, மருந்துக் கிடங்கு என்று மொத்தம் முப்பத்திரண்டு தீக்கதவுகள். சாதாரணக் கதவு மாதிரிதான் இருக்கும், கனம் மட்டும் அதிகம். திறந்துவிட்டால் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். கதவின் ஓரத்தில் ஒரு காடி வெட்டி, அதில் கறுப்பாக ஒரு பட்டை பதித்திருப்பார்கள். அதுதான் சீல். சும்மா பார்த்தால் ரப்பர் துண்டு. தீப்பிடித்துச் சூடு ஏறினால் அது அப்பளம் எண்ணெயில் பொரிகிற மாதிரி உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள சந்தை அடைத்துவிடும். பட்டையோடு சேர்ந்தே ஒரு பிசிறு ஓடும், அது புகையைத் தடுக்க. தீயில் வெந்து சாகிறவர்களைவிடப் புகையில் மூச்சு முட்டிச் சாகிறவர்கள்தான் அதிகம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். படுக்கையைவிட்டு எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கும் இடத்தில் அந்தப் பட்டைதான் உயிர்.

பரிசோதனை செய்யும் முறை ரொம்பச் சுலபம். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்த வேண்டும். இழுத்தால் வரக் கூடாது. முதல் மாதம் கையில் காகிதத்தோடு ஐந்து மாடியும் ஏறி இறங்கினேன். முப்பத்திரண்டிலும் காகிதம் வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி உருவிக்கொண்டு வந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாதிக் கதவுகளில் பெயின்டர் பட்டையின் மேலேயே எனாமல் அடித்து, அது கல்லாக இறுகிப்போயிருந்தது. கறுப்பாக அசிங்கமாக இருந்ததாம். மீதிக் கதவுகள் ஐப்பசி அடைமழையில் ஊதிக்கொண்டு சாத்த வராமல் போனபோது, எங்கள் ஆஸ்பத்திரித் தச்சர் இழைப்புளியைப் போட்டுப் பட்டையோடு சேர்த்துச் சீவி எறிந்திருந்தார். அவரைக் கேட்டதற்கு, “கதவு சாத்தலைன்னு சொன்னீங்க, சாத்த வெச்சேன். இப்ப சந்து இருக்குன்னா நான் என்ன செய்ய?” என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. கதவு சாத்திக்கொண்டதுதான். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கதவிலும் சந்தனமும் குங்குமமும் குறைவில்லாமல் இருந்தது.

ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘தீக்கதவுக்கு சீல் - 32 தேவை.’

பத்து நாள் கழித்து ஸ்டோர்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே மரக் கைப்பிடி போட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ‘தீக்கதவு’ என்று நடுவிலும் ஆஸ்பத்திரி பெயர் சுற்றியும் அழகாக வெட்டியிருந்தார்கள்.

“முப்பத்திரண்டு எதுக்கு சிஸ்டர், ஒரு சீல் இருந்தா எல்லாப் பக்கத்துலயும் குத்திக்கலாம்ல?” என்றார். மை டப்பா வேறு இலவசமாக வாங்கி வந்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டாம்பை அவர் நெற்றியிலேயே குத்தியிருப்பேன். நேராக மேனேஜரிடம் போனேன். அவர் சிரித்தார், நன்றாகவே சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, “பட்டை சென்னையிலேர்ந்து வரணும் சிஸ்டர். பாக்கலாம். இந்த மாசம் நோட்டுல சரின்னு போட்டு வைங்க, காலியா விட்டா நல்லாருக்காது” என்றார்.

போட்டேன். இதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். என் கைதான் போட்டது. கதவு எண் ஒன்று, சரி. கதவு எண் இரண்டு, சரி. முப்பத்திரண்டு வரைக்கும் எழுதி, கீழே கையெழுத்து, அதன்மேல் அந்தப் புது சீல். ஒரு மாதம் என்று ஆரம்பித்தது பதினோரு மாதம் ஓடியது. இரண்டாவது மாதம் ‘சரியில்லை’ என்று எழுதினால் முதல் மாதம் எப்படிச் சரியாக இருந்தது என்று கேட்பார்கள். மூன்றாவது மாதம் எழுதினால் இரண்டு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். புலிவாலைப் பிடித்த கதை. மாதம் ஏற ஏற வால் நீண்டுகொண்டே போனது. ராத்திரி வீட்டில் படுத்தால் கண்ணுக்குள் மாடிப்படிக் கதவுகள்தான். வார்டில் இருந்த காலத்தில் ஒரு ஊசி தவறாகப் போட்டதில்லை நான். இங்கே உட்கார்ந்த இடத்தில் முப்பத்திரண்டு பொய்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுப் போகவும் வழியில்லை. நோட்டை விட்டுப் போகவும் வழியில்லை, என் கையெழுத்து அதில் இருக்கிறதே.

தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆபீசர் வரும் தேதி தெரிந்ததும் மேனேஜருக்குச் சுறுசுறுப்பு வந்தது. சென்னையிலிருந்து பட்டை வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆறு கதவுக்குத்தான் இருந்தது.

“ஆபீசர் கீழ்த்தளம் பாப்பாரு, முதல் மாடி பாப்பாரு, சேர்மன் ரூம் பக்கம் வந்து காபி சாப்பிடுவாரு. மொத்தம் ஆறு கதவு. மத்ததெல்லாம் அடுத்த வருஷம்” என்றார் மேனேஜர்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் மதியம் நான் மூன்றாவது மாடியில், பெண்கள் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தச்சர் போனில் கூப்பிட்டார். லிஃப்ட் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கத்தினேன்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசர் வர்றாரு! அதுக்குள்ள சீல் வெச்சிடணும்! கீழேர்ந்து ஆரம்பிங்க!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வார்டு வராந்தாவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இறங்கிப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரத்தில் கீழே பில் கவுன்டரில் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு சீல் வைக்கப் போகிறார்களாம், நாளைக்குப் பதினோரு மணிக்குள் எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டப் போகிறார்களாம், நர்ஸே போனில் சொன்னாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதல் மாடிக்குப் போவதற்குள் அந்தச் செய்தியில் போலீஸ் வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு டாக்டரே கைதாகியிருந்தார். மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து என் மேசைக்கு வந்தார்.

“நீங்க கெளப்புன பூதம் சிஸ்டர். நீங்களே போயி அடக்குங்க.”

ஒவ்வொரு மாடியாகப் போய் விளக்கினேன். சீல் என்றால் பூட்டுகிற சீல் இல்லை, கதவில் பதிக்கிற பட்டை. முதல் மாடியில் சிரித்தார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் நம்பினார்கள். மூன்றாவதில், பெண்கள் வார்டு வாசலில் ஒருவர் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நின்றார். திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நடவு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர் என்பது கால் வெடிப்பில் இருந்த சேற்றைப் பார்த்தாலே தெரியும். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சல் வேறு விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அந்தம்மாவை வண்டியில் ஏற்றினால் தையல் என்னாகும் என்று எனக்குத் தெரியும்.

“எங்க ஊரு உரக்கடைய சீல் வெச்சப்ப உள்ள இருந்த மூட்டையெல்லாம் உள்ளயே கெடந்து வீணாப் போச்சு நர்சம்மா. ஆளுங்கள எறக்கி விடுவாங்களா, உள்ளயே வெச்சிப் பூட்டுவாங்களா?” என்றார். பரிகாசமாக இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

நான் அவரை மாடிப்படிக் கதவண்டை கூட்டிக்கொண்டு போய்க் காடியைக் காட்டினேன். இங்கே பதிக்கிற பட்டைக்குத்தான் சீல் என்று பெயர், தீப்பிடித்தால் இது உப்பிப் புகையை உள்ளே விடாது என்று சொன்னேன். அவர் குனிந்து விரலால் காடியைத் தடவினார். எனாமல் இறுகிய பழைய பட்டை. அவருக்கு அது எது என்று எப்படித் தெரியும்?

“அப்ப தீப்புடிச்சா இந்தக் கதவு தாங்கும்ங்கிறீங்க?”

சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி ஐந்து. அந்த ஐந்தை நான் மறக்க மாட்டேன். தாங்காது என்று சொன்னால் அவர் அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் பின்னாலேயே வார்டு முழுக்க இறங்கும். தாங்கும் என்று சொன்னால் பதினோரு மாதம் நோட்டில் எழுதியதை முதன்முதலாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகும்.

“தாங்கும்யா. நான் பொறுப்பு” என்றேன்.

“நீங்க சொன்னா சரி” என்று மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு போர்வையும் இரண்டு டம்ளரும்.

எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, என் மேலேயே. கீழே இறங்கினேன். தச்சர் ஐந்து கதவை முடித்துவிட்டு ஆறாவது கதவுக்கான பட்டையோடு சேர்மன் அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“அது இங்க வேணாம். மூணாவது மாடிக்கு வாங்க” என்றேன்.

“மேனேஜர் சார் இங்கதான்னு...”

“நான் சொல்றேன், வாங்க.”

பழைய பட்டையை ஆபரேஷன் பிளேடால் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த விவசாயி அப்போது அங்கே இல்லை, கஞ்சி வாங்க வெளியே போயிருந்தார். இல்லாததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஆறரை மணிக்குப் புதுப் பட்டை காடியில் உட்கார்ந்தது. காகிதம் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. முதல் மாடிக்கு மேலே, காகிதத்தைப் பிடித்த ஒரே கதவு அது. ஒரு பொய்யை நிஜமாக்கிவிட்டேன் என்று அசட்டுத்தனமாக ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்கு மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசவில்லை. மேனேஜர் வரவழைத்திருந்த அசோகா அல்வாவைத் தொடக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து இழுத்தார். என் வித்தைதான். ஐந்து கதவிலும் டிக்கெட் மாட்டிக்கொண்டது. சேர்மன் அறைப் பக்கத்துக் கதவில் உருவிக்கொண்டு வந்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கதவே எரிந்திருக்கும்.

“நேத்துதான் சார் பழசைக் கழட்டினோம். இன்னிக்கே மாட்டிடுவோம். சிஸ்டர்தான் இதுக்குப் பொறுப்பு. சொல்லுங்க சிஸ்டர்” என்றார்.

ஆபீசர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினோரு பக்கம், பக்கத்துக்கு முப்பத்திரண்டு சரி.

“நோட்டுல சீல் நல்லா விழுந்திருக்கும்மா. கையெழுத்து யாரோடது?”

“என்னோடது சார்.”

“நேத்துதான் கழட்டினீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. ஆனால் மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘ம்... ம்...’ என்று எடுத்துக்கொடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் திருக்குறள் எடுத்துக்கொடுப்பது மாதிரி. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

“இல்ல சார். வந்ததே ஆறு கதவுக்குத்தான். மீதி இருபத்தாறுலயும் சீல் இல்ல. ஒரு வருஷமா இல்ல. நான் பாக்காம போடல, பாத்துட்டேதான் போட்டேன்.”

 ஆபீசர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “மாடிக்குப் போலாம்” என்றார்.

ஒவ்வொரு மாடியிலும் டிக்கெட் உருவி உருவி வந்தது. முந்தின நாள் பூட்டப் போகிறார்கள் என்று பயந்தவர்கள் இப்போது வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மூன்றாவது மாடியில் டிக்கெட்டை வைத்துச் சாத்தினார். இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், டிக்கெட் கிழிந்து பாதி கையோடு வந்தது.

“இது ஒன்னுதான் புடிச்சிருக்கு. இது எப்ப மாட்டுனது?”

“நேத்து சாயங்காலம் சார். ஆறரை மணிக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். வார்டு வாசலில் கஞ்சி வாளியோடு அந்த விவசாயி நின்றுகொண்டிருந்தார்.

ஆபீசர் பூட்டவில்லை. முப்பது நாள் அவகாசம் என்று எழுத்தில் கொடுத்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குள் எல்லாக் கதவுக்கும் பட்டை வந்துவிட்டது. சென்னை அவ்வளவு பக்கம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அடுத்த தடவை ஆபீசர் அந்தம்மா எங்கே என்று கேட்பாராம். நானாகப் போகிறேன் என்றதற்கும் அதையேதான் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்து பதினோரு மாதம் பொய் எழுதினேன். உண்மையைச் சொன்ன பிறகு அந்த நாற்காலியிலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

தாங்க முடியாதது ஆபீசர் வந்துபோன அன்று சாயங்காலமே நடந்தது. மூன்றாவது மாடி நர்ஸ் போன் பண்ணினாள். அந்த விவசாயி தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறாராம், டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். நான் படியேறி ஓடினேன், என் இடுப்புக்கு அது ஓட்டம்தான். அந்தம்மாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டால் சுட்டது.

“ஐயா, காய்ச்சலோட எங்கயா கொண்டு போறீங்க?”

“மெடிக்கல் காலேஜுக்கு.”

“வண்டி குலுங்குனா தையல் விட்டுப்போகும்யா. மேல் மாடிங்கள்லயே இந்தக் கதவுதான் இப்ப நல்லாருக்கு. நீங்க இருக்கீங்கன்னுதான் அந்தப் பட்டைய இங்க கொண்டாந்து வெச்சேன். நீங்களே பாத்தீங்கல்ல, ஆபீசர் இழுத்தப்ப வரல்ல. உங்களுக்கு ஒன்னும் ஆகாது.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். போர்வையை மனைவியின் கழுத்து வரை இழுத்துவிட்டார்.

“ஆறரைக்கு வெச்சீங்க, சரி. நான் உங்ககிட்ட கேட்டப்ப மணி அஞ்சு நர்சம்மா” என்றார்.

 ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், “கதவைக் கொஞ்சம் புடிங்க சிஸ்டர்” என்றார். முதுகைக் கொடுத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். அந்தம்மாவின் கால் என்னை உரசிக்கொண்டு போயிற்று. பின்னால் மூட்டையோடு அவரும் போனார். நான் விலகியதும் கதவு தானாக வந்து, சத்தமில்லாமல், சந்தே இல்லாமல் சாத்திக்கொண்டது. நான் உள்பக்கம் நின்றிருந்தேன். ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் பக்கம் உருளும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.